நான் எழுதிய ஆறாவது வரி

நானென்றால் எடுப்பேன், மச்சாள்.

நான்கு வருடம் பிந்திய பதில். கேட்ட நீங்கள் இல்லை. கேட்ட குசினி இருக்கிறது, அதே சமையல் மேசையில்தான் இருந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒரு கடதாசி கிடக்கிறது. இந்த மேசையின் இழுப்பு லாச்சிக்குள் நீங்கள் வைத்திருந்ததை உங்கள் கணவர், என் அண்ணா, பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்று காலை தந்தார். மிளகாய்த்தூள் மணக்கிறது. சற்றுக் கூடுதலாக வறுத்து, கராஜ் கதவைத் திறந்துவைத்து நீங்கள் அரைக்கும் தூள். உறையைத் திறந்ததும் தும்மினேன்.

கடதாசியில் இருப்பது என் கையெழுத்து.

*

அது ஒரு சனிக்கிழமை. யூலை, இந்த நாட்டில் குளிர்காலம். நகரத்தின் ஓரத்தில், ட்ருகனினாவில், இதே வீடு. வெளியே காற்று வெட்டியது. நீங்கள் எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டிருந்தீர்கள். அண்ணா உள்ளே ஜக்கெற் போட்டபடி இருந்தார்.

"கொண்ணருக்குக் குளிருதாம். எனக்கு அவியுது" என்றீர்கள்.

இரண்டு பேருடைய சோற்றைச் சாப்பிட்டும் நீங்கள் மெலிந்துகொண்டே போனீர்கள். காப்பு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஏறியது. படுத்தால் நெஞ்சு ஓடுகிற சத்தம் தலையணைக்குள் கேட்கிறது என்றீர்கள். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, குளிசை விழுங்கி ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. குளிசையை நிறுத்திப் பார்த்தார்கள். திரும்பி வந்தது. இனிக் கதிரியக்க அயடீன், அல்லது சத்திரசிகிச்சை, அல்லது இன்னும் கொஞ்சக் காலம் குளிசை. மூன்றையும் உங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

"ஊரிலை எண்டால் டொக்டர் சொல்லுவார், நாங்கள் செய்வம். இஞ்ச எங்களையெல்லோ கேக்கிறாங்கள்."

கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"நீயெண்டால் என்ன செய்வாய்?"

"அது உங்கட உடம்பு, மச்சாள். நீங்கள்தான் முடிவெடுக்க வேணும்."

"உந்தக் கதையை யூனிவேர்சிற்றியிலை சொல்லித் தந்தவங்களோ?"

கோபமில்லை. வெங்காயத்தின் மிச்சத்தை உரித்தீர்கள்.

நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அதிலிருந்த வசதி.

*

நீங்கள் சாமான் பட்டியல் எழுதுவதில்லை. வரைவீர்கள்.

வந்த புதிதில், டண்டினொங்கில் இருந்த முதல் வருடத்தில் தொடங்கியது என்று சொல்லியிருக்கிறீர்கள். கத்தரிக்காய்க்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்று தெரியாமல், கடைக்காரருக்கு வரைந்து காட்டினீர்களாம். அவர் 'எக்பிளாண்ட்' என்று சொன்னதைக் கேட்டு, முட்டைக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று வீடுவரை அண்ணாவோடு சண்டை. ஆங்கிலம் வந்த பிறகும் வரைவதை விடவில்லை. உங்கள் மகள் சின்னவள் பிறந்து, தள்ளுவண்டியில் இருந்தபடி பட்டியலை வாசிக்கத் தொடங்கியதும் விடவே முடியாமல் போயிற்று. எழுத்துத் தெரியாத பிள்ளை, மூன்று வயதில் தேங்காய்ப்பால் என்று வாசிப்பாள்.

சேலைக் கரையில் நூல் இழுத்த மாதிரி மெல்லிய கோடுகள். பென்சிலை எடுத்தால் ஒரு இழுப்பில் முடித்துவிடுவீர்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்த ஓவியங்களைப் பற்றி உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். உங்களுடைய பட்டியல் ஒன்றையும் எடுத்து வைத்ததில்லை.

*

அதற்கு முன் இந்த வீட்டில் உங்களோடு நான் இரண்டு வருடம் இருந்தேன். பத்தொன்பது வயதில் படிக்க வந்தவளுக்கு யன்னல் உள்ள அறையைத் தந்தீர்கள். அது உங்கள் தையல் அறை. நான் வருவதற்கு முதல்நாளே மெஷினைக் கராஜுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள் என்பது எனக்குப் பல மாதங்கள் தெரியாது. கராஜில் உங்கள் மூச்சு புகையாய்த் தெரியும். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு தைப்பீர்கள். அறையைத் திருப்பித் தருகிறேன் என்றபோது, "அங்கை ரேடியோவைச் சத்தமா விடலாமடி" என்றீர்கள்.

பிறகு நான் ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு சின்ன யூனிட் வீட்டுக்குப் போனேன். ஆய்வு எழுத அமைதி வேண்டும் என்று சொன்னேன். அது பாதி.

மற்றப் பாதியை நீங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. அவன் தமிழன் இல்லை. என்னோடு இருந்தான். இரண்டரை வருடம் இருந்தான். அம்மாவுக்குத் தெரியாது, அண்ணாவுக்குத் தெரியாது.

சப்பாத்தைக் கழற்றி வெளியே வைக்க அவனைப் பழக்கியது நான். எங்கள் வீடுகளில் அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒழுங்கானவன். பதினோராம் நம்பர், மண்ணிறம், கயிறு வைத்தது. கதவடியில் இரண்டையும் சேர்த்து, சுவரோடு ஒட்டி வைப்பான்.

ஒருநாள் நீங்கள் சொல்லாமல் வந்தீர்கள். கையில் மீன்குழம்பும் புட்டும். கதவைப் பாதி திறந்து, உடம்பால் மிச்சத்தை மறைத்தபடி நின்றேன்.

"உள்ளுக்கு வைச்சிட்டுப் போகட்டோ?"

"வீடு ஒரே குப்பை, மச்சாள்."

"சரி. சொல்லாமல் வந்தது என்ர பிழை."

பையைத் தந்தீர்கள். உங்கள் காலடியில், அரையடி தள்ளி, அந்தச் சப்பாத்து. நீங்கள் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. படியில் இறங்கும்போது திரும்பாமல் சொன்னீர்கள்: "மழை வரப்போகுது. வெளியிலை கிடக்கிறதை உள்ளுக்கு எடு."

பல்கனியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் சொன்னீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

*

அயடீன் எடுப்பது என்று நீங்கள் முடிவெடுத்த வாரம், ஆஸ்பத்திரியில் தந்த கையேட்டோடு என்னைக் கூப்பிட்டீர்கள். ஆங்கிலத்தில் ஆறு பக்கம். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். நீங்கள் வேலை செய்த வேர்ஹவுஸ் கிடங்கில் பெட்டிகளில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் ஒருநாள்கூட வேலை செய்ய முடியாது. ஆனால் உடம்பைப் பற்றியதென்றால் தமிழில் வேண்டும் என்றீர்கள். "நீ வடிவா எழுதித் தா. கொண்ணரும் வாசிக்கட்டும்."

மருந்து ஒரு குளிசைதான். ஈயப் பாத்திரத்தில் கொண்டுவந்து தருவார்கள், தண்ணீரோடு விழுங்கிவிட்டு வீட்டுக்கு வரலாம். அதற்குப் பிறகுதான் கரைச்சல். சின்னவளுக்கு மூன்று வயது. உங்கள் மடியைத் தவிர வேறு கதிரை அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொன்ன கணக்குக்குப் பத்து நாள் அவளைத் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்கவிடக்கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது நடக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கையேட்டைக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் எடுத்தீர்கள்.

"உன்ர யூனிட்டிலை அந்தப் பத்து நாளும் கிடக்கலாமோ எண்டு பேப்பரிலை பாரன். நான் ஹோலிலை படுப்பன். உனக்கு ஒரு கரைச்சலும் தர மாட்டன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். கிடக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. தனிக்கட்டிலில் படுக்க வேண்டும். வளர்ந்தவர்கள் ஒரே வீட்டில் இருக்கலாம், முதல் சில நாள் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் இருந்தால் போதும். முதற்பிரதியில் அப்படியே எழுதினேன். அவன் பின்னால் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். என்ன எழுதுகிறாய் என்று கேட்டான்.

பத்து நாள் வேறெங்காவது இருக்கச் சொல்லியிருந்தால் இருந்திருப்பான். அவனுடைய ஷேவர், புத்தகங்கள், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு பியர்ப் போத்தல். ஒளிப்பதற்கு ஒரு பின்னேரம் போதும். உங்களுக்கு அவனைக் காட்ட எனக்குப் பயம். அவனை ஒளிக்கிறேன் என்று அவனுக்குக் காட்ட வெட்கம். பயத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் கிடந்தது.

இரண்டாம் பிரதி. அடிமட்டம் வைத்து ஓரக்கோடு போட்டேன். ஒன்று முதல் ஐந்துவரை அப்படியே. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். உடுப்பும் பாத்திரமும் தனியாகக் கழுவ வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்க வேண்டும். தனிக்கட்டிலில் படுக்க வேண்டும்.

ஆறு: பத்து நாட்களுக்கு வேறு எவருடனும் ஒரே வீட்டில் தங்கக்கூடாது.

நல்ல எழுத்து. நான் எழுதியவற்றில் அதைப்போல வடிவான பக்கம் வேறில்லை.

*

அடுத்த தெருவில் அண்ணாவின் வேலை நண்பர் ஒருவருடைய வீடு கட்டி முடிந்து, இன்னும் பால் காய்ச்சாமல் வெறுமையாகக் கிடந்தது. கதவுத் திறப்பை வாங்கி உங்களை அங்கே விட்டார். தரையில் மெத்தை. ஒரு கதிரை. தண்ணீர் கொதிக்க ஒரு கேத்தல். காஸ் இணைப்பு வரவில்லை. சோற்றை ஒவ்வொரு காலையும் அண்ணா வாசலில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் காருக்குள் இருப்பார். நீங்கள் யன்னலில் நிற்பீர்கள். இருவரும் தொலைபேசியில் கதைப்பீர்கள்.

நான் ஒருநாள் வந்தேன், நான்காம் நாள். சின்னவளும் அண்ணாவும் நானும் நடைபாதையில் நின்றோம். திரையில்லாத பெரிய முன்யன்னல். அதற்குப் பின்னால் நீங்கள், காப்பைக் கழற்றிய கையோடு. சின்னவளுக்காகத் தாள்களில் வரைந்து கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தீர்கள். முட்டை. கேத்தல். பிறகு ஒரு மீன், அதன் மேல் பெரிய கீறு. "மீன் கிடையாதாம்" என்று சின்னவள் எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். கோடுகள் எல்லாம் நடுங்கியிருந்தன. மீன் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரித் தெரிந்தது.

தொலைபேசியை என்னிடம் தந்தார் அண்ணா.

"தனிக்கோப்பை, தனிப்பாய், ஒருத்தரையும் தொடக்கூடாது" என்றீர்கள். "இது வெள்ளைக்காரன்ர துடக்கெடி. எங்கட ஆக்கள் மூண்டு நாளோடை விட்டினம். இவங்களுக்குப் பத்து."

சிரித்தேன். கண்ணாடிக்குள் நீங்களும் சிரித்தீர்கள்.

"தனிய இருக்கப் பயமா, மச்சாள்?"

"பால் காய்ச்சாத வீட்டுக்கு முதல் குடி நான்தான். என்ன பயம்?" கையிலிருந்த தாளை மடித்தீர்கள். "உனக்குப் படிப்புக் கிடக்கு. நீ போ."

போனேன். ரயிலில் இருக்கை கிடைத்தது. புத்தகம் ஒன்றை விரித்தேன். அதுவரை நினைவிருக்கிறது.

*

நீங்கள் சுகமானீர்கள். அதை எழுத வேண்டும், பிறகு வந்த கதைகளில் அதுதான் முதலில் தொலைந்தது. சில மாதங்களில் காப்பு இறங்கி மணிக்கட்டுக்கு வந்தது. யூன் மாதத்தில் ஸ்வெற்றர் கேட்டீர்கள். காலைத் தேத்தண்ணிக்கு முன் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை, இனி எப்போதும் என்றார்கள். "நான் இப்ப மெஷின்தான், எண்ணெய் விட்டால் ஓடும்" என்றீர்கள்.

இரண்டு வருடம். பிறகு ஒருநாள், வேலையில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். தலையிடிக்கிறது என்று கதிரையில் இருந்தீர்களாம். மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்ததாம். தைரொயிட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்த மருந்துக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் அண்ணாவுக்கு இரண்டு முறை சொன்னார். அண்ணா இரண்டு முறையும் தலையாட்டினார்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியச் சாப்பாட்டில், சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு அன்ரி இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "உந்தக் கதிர் மருந்து எடுத்தவ எல்லோ. ஒரு வீட்டிலை தனியப் பூட்டி வைச்சவை. அவ்வளவு பொல்லாத மருந்தெண்டபடியால்தானே ஒருத்தரோடும் இருக்கவிடேல்லை."

அண்ணா கேட்டுக்கொண்டு நின்றார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். கையில் பருப்புக்கறிக் கரண்டி. அந்த அன்ரி சொன்னது என்னுடைய ஆறாவது வரி. அது என் கையைவிட்டுப் போய், வளர்ந்து, சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது.

நான் பருப்பைப் பரிமாறினேன்.

*

யூனிட்டை விட்டுவிட்டு இங்கே வந்தேன். சின்னவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆள் வேண்டும் என்றார் அண்ணா. அவன் வரவில்லை, வா என்று நானும் கேட்கவில்லை. அதே யன்னல் அறை. தையல் மெஷின் இன்னும் கராஜில்.

அண்ணா உங்களைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் ஒன்றுதான் சொல்லுவார். "அந்தப் பத்து நாள் அவளைத் தனிய விட்டிட்டன். ஹீற்றர்கூட இல்லாத வீடு." நீங்கள் அவியுது என்றுதான் இருந்தீர்கள் என்று நான் சொல்லுவேன். அவர் பாத்திரம் கழுவுவார். கோப்பையைக் கழுவிய பிறகும் கழுவிக்கொண்டு நிற்பார். இரண்டு வருடமாக இது நடக்கிறது.

போன வருடக் கடைசியில் என் நெஞ்சு ஓடத் தொடங்கியது. ஆய்வு, தூக்கமின்மை, அவன். எல்லாக் காரணமும் கைவசம் இருந்தன. சின்னவளுக்குத் தலை இழுக்கும்போது சீப்பு நடுங்கியது. "மாமி, நீங்கள் ஷேக் பண்ணுறீங்கள்" என்றாள். இரத்தம் எடுத்தார்கள், அதே தைரொயிட். அண்ணா சோதனை முடிவை வாசித்துவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் இரத்தச் சொந்தம்கூட இல்லையே, எப்பிடி ஒட்டினது?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

குளிசை தந்தார்கள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. மற்றக் குளிசை ஈரலைப் பிடித்தது. இப்போது கதிரியக்க அயடீன், அல்லது கழுத்தில் கத்தி. டொக்டர் என்னைவிட ஐந்து வயது மூத்தவராக இருப்பார். கண்களைச் சோதித்துவிட்டு, இரண்டுக்கும் நீங்கள் தகுதி, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எடுத்தால் ஆறு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. எடுத்த பிறகு அநேகமாக ஆயுள் முழுக்க உங்களுடைய அந்த வெள்ளைக் குளிசை. நீங்களென்றால் என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் யாருடைய கேள்வி என்று தெரிந்தது. உங்கள் முடிவு என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"அதை மட்டும் எடுக்காதை" என்றார் அண்ணா. மூன்று கிழமை அதையே சொன்னார். நான் மறுத்தும் பேசவில்லை, ஏற்கவும் இல்லை. எனக்கும் பயம்தான். வாசித்தவளுக்கு, தெரிந்தவளுக்கு, அந்த அன்ரி சொன்னது பொய் என்று உலகத்தில் எவரைவிடவும் நன்றாகத் தெரிந்தவளுக்குப் பயம்.

இன்று காலை உறையோடு வந்தார்.

"சரி. எடுக்கிறதெண்டால் ஒழுங்கா எடு. இதிலை எல்லாம் கிடக்கு, நீதானே எழுதினது." ஆறாவது வரியில் விரல் வைத்தார். "இந்தப் பத்து நாளும் ஒரே வீட்டிலை இருக்கேலாது. அந்த வீட்டிலை இருந்தவை போன மாசம் எழும்பிட்டினம். இப்ப காலி. அவரிட்டைக் கேட்டிட்டன், திறப்புத் தாறாராம். இந்தமுறை ஹீற்றர் கிடக்கு. நான் பாத்திட்டன்."

சொல்லிவிட்டுச் சின்னவளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

லாச்சியைத் திறந்தேன். உங்கள் பட்டியல்கள் எல்லாவற்றையும் அண்ணா ஒரு இறப்பர்ப் பட்டையால் கட்டி வைத்திருக்கிறார். மேசையில் பரப்பினேன். திகதி இல்லை. ஆனால் அடுக்க முடிந்தது.

முதலில் நேர்க்கோடுகள். ஒரு இழுப்பில் முடிந்த வாழைக்காய். பிறகு கோடு மெல்ல அசைகிறது. வெண்டிக்காயின் நுனி விலகிப்போகிறது. பிறகு எல்லாமே நடுங்குகின்றன. ஒரு பால் பெட்டியை நான்கு தரம் வரைந்து வெட்டியிருக்கிறீர்கள். அதன்பிறகு சின்னவள் கண்ணாடியில் வாசித்த முட்டை, கேத்தல், கீறிய மீன். அதற்குப் பிறகு வந்தவை கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகின்றன. கடைசியாக இருக்கும் பட்டியலில் ஒரு பூசணிக்காய் இருக்கிறது, மச்சாள். அதன் ஒவ்வொரு வரியும் மேலிருந்து கீழே ஒரு அசைவில்லாமல் வந்து நிற்கிறது.

கையேட்டின் ஆறு பக்கமும், டொக்டரும் சொல்லாததை அந்தப் பூசணிக்காய் சொன்னது. நானென்றால் எடுப்பேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு உறையில் இருந்த கடதாசியை எடுத்து, அண்ணாவின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி. நான்குக்கு, மூன்றுக்கு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சரி. நான் திருப்பித் தந்த கையேட்டை வைத்து ஒவ்வொன்றாய் ஒப்பிட்டிருக்கிறீர்கள். உடம்பைப் பற்றியதென்றால் தமிழில் வேண்டும் என்று சொன்னவர், ஆங்கிலத்திலும் வாசித்திருக்கிறீர்கள்.

ஆறுக்குப் பக்கத்தில் சரி இல்லை. நான் அடிமட்டம் வைத்து இழுத்த ஓரக்கோட்டுக்கு வெளியே, பெருவிரல் நகமளவில் ஒரு சோடிச் சப்பாத்து. நடுங்கிய கோடு. கயிறுகூடப் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து, சுவரோடு ஒட்டி.

தெரிந்துதான் போனீர்கள். அது பொய் என்று தெரிந்து, ஏன் என்றும் தெரிந்து, மெத்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வெறும் வீட்டுக்குப் போனீர்கள். அண்ணாவுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான்காம் நாள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என்னைச் சிரிக்க வைத்தீர்கள். உனக்குப் படிப்புக் கிடக்கு, நீ போ.

இரண்டு வருடம் இருந்தீர்கள் அதன் பிறகு. எத்தனையோ சனிக்கிழமைகள். ஒரு தரமாவது நான் வாய் திறப்பேன் என்று பார்த்திருப்பீர்களா? தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. மன்னிப்பு என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் நீங்கள் வரைந்தது சப்பாத்து மட்டும்தான். மிச்சத்தை நான் போட்டு வாசிக்கக்கூடாது. ஒருமுறை இல்லாததைச் சேர்த்து எழுதினேன், போதும்.

கார் வருகிற சத்தம் கேட்கிறது.

*

நேற்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பினேன். சின்னவளைக் குளிக்க அனுப்பிவிட்டு, அண்ணாவை இந்த மேசையில் இருக்கச் சொன்னேன். எனக்குத் தந்த கையேட்டில் உள்ளதைத் தமிழில் வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி, உள்ளபடி. பிறகு நான் எழுதியதை வாசித்தேன். ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். அவன் பெயரைச் சொன்னேன். அண்ணாவுக்கு முன்னால் அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணா கத்தவில்லை. கடதாசியைத் தன் பக்கம் திருப்பி அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எனக்கொண்டும் சொல்லேல்லை" என்றார். என்னைப் பற்றிச் சொன்னாரா, உங்களைப் பற்றியா, நான் கேட்கவில்லை. எழும்பிப் பின்வளவுக்குப் போனார். இருட்டும்வரை உள்ளே வரவில்லை. வந்து, எனக்கும் சேர்த்துச் சோற்றைச் சூடாக்கினார்.

இன்று காலை வேலைக்குப் போகுமுன், நண்பருக்குத் தொலைபேசி எடுத்துத் திறப்பு வேண்டாம் என்று சொன்னது என் அறைக்குக் கேட்டது.

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, மருந்தை எடுக்கிறேன் என்றேன். வீட்டில் வேறு யார் என்று தாதி கேட்டார். அண்ணாவும் ஏழு வயதுப் பிள்ளையும் என்றேன். பிள்ளைக்கு எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பிறகு புதுத்தாள் ஒன்றில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். கை நடுங்கியதால் எழுத்து வடிவில்லை. ஆறாவது வரியைச் சரியாக எழுதி, பக்கத்தில், சின்னவள் வாசிப்பதற்காக, கைகளை நீட்டியபடி தள்ளி நிற்கிற இரண்டு பேரை வரைந்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.